புது வீட்டுக்கு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும்போது தொல்லியல் கண்காணிப்பு: முதல்முறை கட்டுவோருக்கு

கட்டட அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறீர்கள். நடுவில் ஒரு வரி: மண் வேலை தகுதியுள்ள தொல்லியலாளரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும். படித்தவுடன் எல்லோருக்கும் வருவது ஒரே பயம்தான். ஏதாவது கிடைத்துவிட்டால் வேலை நின்றுபோகுமோ, நிலமே கையைவிட்டுப் போய்விடுமோ?

பள்ளத்தின் ஓரம் நின்று மண்ணைப் பார்ப்பதுதான் என் தொழில். நான் பார்த்தவரை, ஒற்றை வீட்டு மனைகளில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் முடிந்து, ஒரு சிறு அறிக்கையோடு விஷயம் தீர்ந்துவிடுகிறது. இழுபறியான மனைகளும் உண்டு. அவற்றில் பலவற்றில் மண்ணுக்குள் இருந்த பொருளால் வந்த தொல்லை கொஞ்சம்தான். எந்த வண்டி, எந்த வாளி, எந்த வரிசையில் தோண்டுவது என்று முன்னாலேயே பேசி வைக்காததால் வந்ததுதான் மிகுதி. அந்தப் பகுதியைக் கீழே நீளமாகச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டுமாவது உங்கள் காண்டிராக்டருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கண்காணிப்பும் அகழாய்வும் ஒன்றல்ல

அகழாய்வில் தொல்லியலாளர் தாம் தேர்ந்த இடத்தில், ஆய்வுக்காகவே தோண்டுகிறார். கண்காணிப்பில் தோண்டுவது நீங்கள், உங்கள் வீட்டுக்காக. அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வாளி மண்ணும் பெயரும்போது அடியில் என்ன தெரிகிறது என்று பார்க்கிறார். ஏதாவது தெரிந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அளந்து, வரைந்து, படமெடுத்து, தேவையான அளவு கையால் தோண்டிப் பார்த்து, பிறகு உங்களைத் தொடரச் சொல்கிறார்.

அவருக்கு வேண்டியது பொருளைவிட அதன் இருப்பிடம். ஒரு பானை ஓடு உங்கள் உள்ளங்கையில் இருந்தால் அது வெறும் ஓடு. அதே ஓடு ஓர் அடுப்புக் குழியின் அடியில், சாம்பலுக்குக் கீழே, கருகிய தானியத்தோடு இருந்தால், அந்த அடுப்பை மூட்டிய வீட்டில் என்ன சமைத்தார்கள், எப்போது சமைத்தார்கள் என்பதுவரை போகலாம். வாளி ஒருமுறை வாரிவிட்டால் ஓடு மிஞ்சும், அடுப்பு போய்விடும். திருப்பி அடுக்க முடியாது. நிபந்தனை போடுகிற அதிகாரிக்கு இருக்கிற ஒரே கவலை இதுதான்.

யாரும் எதிர்பாராத இடத்தில் கிடைப்பதும் புதிதல்ல. சீனாவின் சியான் அருகே சுடுமண் வீரர் படை வெளிப்பட்டது 1974இல், விவசாயிகள் கிணறு வெட்டியபோது. மெக்சிகோ நகரில் 1978 பிப்ரவரியில் மின்வாரியப் பணியாளர்கள் தோண்டிய பள்ளத்தில் தட்டுப்பட்டது கொயோல்ஷௌகி என்ற தெய்வத்தின் வட்டக் கல். விட்டம் மூன்றே கால் மீட்டர். அதைத் தொடர்ந்துதான் அஸ்டெக்குகளின் பெருங்கோயில் பெரிய அளவில் அகழப்பட்டது. இத்தாலியின் லெச்சே நகரில் கழிவுநீர்க் குழாயின் பழுதைத் தேடித் தோண்டப்போன ஒரு வீட்டின் தரைக்குக் கீழே பல நூற்றாண்டுகளின் அறைகளும் கல்லறையும் இருந்தன. அந்த வீடு இன்று பஜ்ஜானோ அருங்காட்சியகம். உங்கள் மனையில் இவ்வளவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு வேலிக் குழியும் கொஞ்சம் கரியும் கிடைத்தாலே எங்களுக்கு அது நல்ல நாள்.

செலவு யாருடையது

பல நாடுகளில் கட்டுகிறவருடையது. 1992இல் மால்டாவின் வல்லெட்டாவில் கையெழுத்தான ஐரோப்பிய ஒப்பந்தம், பெரிய கட்டுமானத் திட்டங்களால் தேவைப்படும் தொல்லியல் பணிக்கான பணத்தை அந்தத் திட்டமே ஏற்கும்படி செய்ய அரசுகளைக் கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் 1990இலேயே வழிகாட்டுதல் வந்து, தொல்லியல் கட்டட அனுமதியின் ஒரு பகுதி ஆகிவிட்டது. ஆனால் தாமே குடியிருக்கச் சொந்த வீடு கட்டுகிறவருக்குச் சலுகை தரும் நாடுகளும் உண்டு. நார்வேயில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறிய தனியார் வேலைகளுக்கு ஆகும் தொல்லியல் செலவை அரசு முழுதாகவோ ஒரு பகுதியாகவோ ஏற்கலாம். உங்கள் பகுதியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று அனுமதி கொடுத்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்காதவருக்கு யாரும் வந்து சொல்வதில்லை.

வண்டி வருவதற்கு முன்

நிபந்தனையின் வாசகத்தை இரண்டுமுறை படியுங்கள். "வேலை தொடங்குமுன்" என்று இருந்தால், எழுத்து வடிவிலான பணித்திட்டம் ஒன்றை அதிகாரி ஏற்றுக்கொண்ட பிறகுதான் மண்வெட்டியே இறங்கலாம். அந்தத் திட்டத்தைத் தொல்லியலாளர் எழுதுவார். எந்தப் பள்ளங்களை நின்று பார்ப்பது, கிடைத்தால் எவ்வளவு தோண்டுவது, மண் மாதிரி எடுப்பது, அறிக்கையை எப்போது கொடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். சில நாடுகளில் இதற்கு மேல் உரிமமும் வேண்டும். அயர்லாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உரிமம் இல்லாமல் தொல்லியல் நோக்கில் தோண்டுவது குற்றம். உரிமம் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம். ஆகையால் வண்டிக்கு நாள் குறித்துவிட்டுத் தொல்லியலாளரைத் தேடாதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்புள்ளியைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு, கிடைத்தால் நாளுக்கு எவ்வளவு, மண் மாதிரியைக் கழுவிப் பார்க்கவும் காலக்கணிப்புக்கு அனுப்பவும் தனியே எவ்வளவு, அறிக்கை இதற்குள் அடக்கமா: நான்கையும் எழுதி வாங்குங்கள். முதல் தொகை குறைவாக இருந்து, மற்ற மூன்றும் எழுத்தில் இல்லாத இடத்தில்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது.

பழைய நில அளவை வரைபடம், வான்படம், பக்கத்து மனைகளில் முன்பு நடந்த வேலைகளின் அறிக்கை இவற்றையெல்லாம் அவர் பார்ப்பார். நீங்களும் உதவலாம். இந்த இடத்தில் முன்பு கிணறு இருந்ததா, பழைய வீடு இடிக்கப்பட்டதா, மண் கொட்டி மேடாக்கினார்களா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மேலே இரண்டடி கொட்டிய மண் என்று முன்பே தெரிந்தால் பாதி நாள் மிச்சம்.

நிறையக் கிடைக்கும் என்று சந்தேகப்பட இடம் இருந்தால் என் யோசனை வேறு. கண்காணிப்போடு நிற்காமல், பல மாதம் முன்பே இரண்டு மூன்று சோதனைப் பள்ளம் போட்டுப் பார்த்துவிடுங்கள். கூடுதல் செலவுதான். ஆனால் வரைபடம் இன்னும் தாளில் இருக்கும்போது வீட்டை நான்கு மீட்டர் தள்ளிப் போடுவது எளிது; கம்பி கட்டும் ஆட்கள் வந்து நிற்கும்போது அது முடியாது.

காண்டிராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். தொல்லியலுக்காக வண்டி காத்திருக்கும் நேரத்துக்கு யார் வாடகை கொடுப்பது என்ற வரி. இது இல்லாவிட்டால் தோண்டும் நாளில் ஆளுக்கு ஆள் குரலை உயர்த்துவார்கள். மண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தோண்டும் நாள்

மண் தோண்டும் எல்லா வண்டியையும் ஜேசிபி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கண்காணிப்புக்கு வேண்டியது கை முழுவட்டமாகத் திரும்பும் பொக்லைன். முன்புறம் அகலத் தள்ளுவாளி வைத்த வண்டி, தான் சுரண்டிய தரையின் மேலேயே ஏறி ஓடும். தெரிய வேண்டியதெல்லாம் சக்கரத் தடத்தில் கசங்கிப் போகும். பொக்லைன் பின்னோக்கி நகர்ந்துகொண்டே தோண்டலாம். அதன் முன்னால் விரிவது யார் காலும் வண்டியும் படாத தரை.

அடுத்தது வாளி. பல் இல்லாத, நேர் விளிம்புள்ள அகல வாளி கட்டாயம் வேண்டும். பல் வாளி மண்ணைக் கிழித்து வரிவரியாக்கிவிடும். பல் இல்லாத வாளி இழைப்புளி போட்ட பலகைபோல மண்ணை வழித்து விடும். வண்டியை வாடகைக்குப் பேசும்போதே இந்த வாளியும் வேண்டும் என்று சொல்லி, வந்திறங்கும்போது கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒரு மனையில் காலை ஏழு மணிக்கு நான் போய் நின்றேன். வந்திருந்தது பல் வாளி மட்டும். வேறு வாளி வந்து சேர மதியம் ஆனது. அந்த அரை நாளைக்கும் வீட்டுக்காரர்தான் கூலி கொடுத்தார்.

வானம் தோண்டும் கோட்டில் மட்டும் ஒன்றரை இரண்டடி அகலத்துக்குப் பள்ளம் இறக்குவது வழக்கம். தொல்லியலுக்கு அது மோசமான சாளரம். அந்த இடுக்கில் கருத்த மண் ஒன்று தெரிந்தால் அது குழியா, வாய்க்காலா, மரவேரா என்று சொல்ல வழியில்லை. முடிந்தால் வீடு உட்காரும் பரப்பு முழுவதிலும் மேல்மண்ணை முதலில் வழித்துவிடுங்கள். எப்படியும் அந்த மேல்மண்ணின் மேல் கட்டப் போவதில்லை. முழுப் பரப்பும் ஒரே பார்வையில் தெரிந்தால் தொல்லியலாளர் விரைவாக முடிவு சொல்வார். ஒன்றும் இல்லாத இடத்தை மதியத்துக்குள் உங்களிடம் ஒப்படைத்துவிட முடியும்.

ஒரே வீச்சில் ஆழம் போகக் கூடாது. ஒரு முறைக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வழித்து, நிறுத்திப் பார்த்து, மீண்டும் வழிக்க வேண்டும். மனிதக் கை படாத கன்னி மண்ணோ, அதற்கு முன்பே தொல்லியல் அடுக்கோ, எது முதலில் வருகிறதோ அங்கே வண்டி நிற்கும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிக் குவியலாகக் கொட்டச் சொல்லுங்கள். தோட்டம் போடும்போது உங்களுக்கே அது உதவும்.

அவர் எதைப் பார்க்கிறார்? பெரும்பாலும் நிறத்தை. வெளிர் மண்ணில் கருத்த வட்டம், ஒழுங்கான விளிம்பு, சிவக்கச் சுட்ட களிமண், கரித்துகள், வரிசையாகப் பதித்த கல், இரும்புக் கசடு. காய்ந்துபோன மண்ணில் நிறம் மங்கிவிடும். கைத்தெளிப்பானால் தண்ணீர் அடித்தால் சில நிமிடத்துக்கு வேறுபாடு துலங்கும். ஆகவே மனையில் தண்ணீர் இருக்கட்டும். மழை கொட்டும் நாளையும் உச்சி வெயிலையும் தவிர்த்தால் நல்லது. காலைச் சாய்வெயிலில் தெரிவது நண்பகலில் தெரியாது.

எல்லாக் கருப்பும் மனிதர் செய்ததல்ல. மரம் வேரோடு சாய்ந்த இடம் பிறை வடிவில் கருத்துத் தெரியும். எலி வளை நீளமாக வளைந்து போகும். பழைய குப்பைக்குழி மிக அழகான வட்டமாக இருந்து, அடியில் பிளாஸ்டிக் பையைக் காட்டும்.

ஒரு குழியைப் பக்கத்தில் பார்ப்போம். அடிமண் மஞ்சள் களி. வாளி வழித்துப் போன தடத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கருவட்டம். கரண்டியால் சுரண்டச் சுரண்ட விளிம்பு கூர்மையாகிறது. வட்டத்தின் நடுவே கோடு போட்டு ஒரு பாதியை மட்டும் தோண்டுவோம். மறுபாதி அப்படியே நிற்கும். இப்போது குழியின் குறுக்குவெட்டு கண்ணெதிரே இருக்கிறது. நடுவில் நேராக இறங்கும் கரிய பட்டை. இரு பக்கமும் இறுக்கி வைத்த கல்லும் கலங்கிய களியும். கரிய பட்டைதான் தூண். மரம் மக்கிப்போய், அதன் இடத்தில் மேலிருந்து மண் இறங்கி நிரம்பியிருக்கிறது. பக்கத்துக் கல் அந்தத் தூணை நட்ட அன்றைக்கு ஆட்டமில்லாமல் இருக்க யாரோ கையால் திணித்தது. வெட்டுமுகத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து, அளவுகோலும் வடக்கு அம்பும் வைத்துப் படமெடுத்து, எண் கொடுத்து, பிறகே மீதிப் பாதி. அன்றைக்கு அதே மாதிரி இன்னும் நான்கு கிடைத்தன. ஐந்தையும் தாளில் இணைத்தால் ஒரு வளைகோடு. வீட்டுக்காரர் வரவேற்பறை என்று குறித்த இடத்தில் முன்பு ஒருவர் வட்ட வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறார். அதைக் காட்டியதும் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிவந்து பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்துவிட்டார். வேலை நின்றது ஒன்றரை நாள்தான்.

இதற்கிடையே ஆள் பாதுகாப்பு. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. ஆழமான வானத்துக்குள் பக்கச்சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது, தொல்லியலாளரும்தான். வண்டியின் கை சுழலும் எல்லைக்குள் நிற்பதற்கு முன் ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் வாளியைத் தரையில் வைத்த பிறகு போகிற பழக்கத்தை முதல் மணிநேரத்திலேயே பேசி வையுங்கள். ஓட்டுநரோடு நல்ல பேச்சு வைத்துக்கொள்வது இன்னொரு வகையிலும் பயன் தரும். கைதேர்ந்த ஓட்டுநர் வாளி உரசும் சத்தத்திலேயே மண் மாறிவிட்டதைச் சொல்லிவிடுவார். எங்களுக்கு முன்னால் அவர் கண்டுபிடித்தவை நிறைய.

ஏதாவது தெரிந்துவிட்டால்

பொருளைக் கையில் எடுக்காதீர்கள். கரித்துண்டாக இருந்தால் இன்னும் கவனம். கரி, விதை, எலும்பு போன்றவற்றிலிருந்து கதிரியக்கக் கார்பன் முறையில் ஏறக்குறைய 50,000 ஆண்டுவரை காலம் கணிக்கலாம். கருகிய ஒரே ஒரு தானிய மணிகூட இன்றைய கருவிகளுக்குப் போதும். ஆனால் அது எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாவிட்டால் அந்தக் காலத்தால் ஒரு பயனும் இல்லை.

மனையின் மற்றொரு மூலைக்கு வண்டியை மாற்றி விடுங்கள். பல சமயம் இதுவே போதும், நேரம் வீணாகாது. சிறு குழிகள் ஓரிரு மணியில் முடியும். குழி நிறைய இருந்தால் தொல்லியலாளர் அதிகாரியோடு பேசி எத்தனையை, எவ்வளவு தோண்டுவது என்று முடிவு செய்வார். முக்கியமான அடுக்கிலிருந்து நாற்பது லிட்டர் அளவுக்கு மண் வாளி வாளியாகப் போகும். தண்ணீரில் கரைத்தால் கருகிய விதை மேலே மிதக்கும். அந்த வாளிகளில் கட்டுமானக் குப்பையைப் போட்டுவிட வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

தோண்டி முடிப்பதைவிட அப்படியே காப்பது மேல் என்று ஆகும் இடங்களும் உண்டு. அப்போது ஆழமான வானத்துக்குப் பதில் தரைமட்டத்தை உயர்த்தி, முழுப்பரப்புக் கான்கிரீட் படுகை போடலாமா என்று உங்கள் இன்ஜினியரைக் கேட்க வேண்டும். அடியில் இருப்பதன் மேல் துணிவிரிப்பு இட்டு, சுத்தமான மண்ணால் மூடிக் கட்டினால் வீடும் வரும், பழையதும் தூங்கும். மண்ணின் தாங்குதிறன் இடம் கொடுக்க வேண்டும். இது இன்ஜினியரின் முடிவு.

கிடைத்தது யாருக்குச் சொந்தம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தெரிவிக்க வேண்டிய கெடுவும் மாறும். இங்கிலாந்தில் புதையல் வரையறைக்குள் வரும் பொருளைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டம். தொல்லியலாளர் இருக்கும் மனையில் அந்தக் கடமையை அவரே நடத்திக் கொடுப்பார். உங்கள் ஆட்கள் யாரும் எதையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மனித எலும்பு

எலும்பு வந்தால் எல்லாம் நிற்க வேண்டும். தொடாமல், படமெடுத்து யாருக்கும் அனுப்பாமல், மேலே துணியோ தாளோ போட்டு மூடுங்கள். முதல் கேள்வி அது எவ்வளவு பழையது என்பது. பழையது என்று உறுதியாகும்வரை காவல்துறைக்குச் சொல்வது பல நாடுகளில் கட்டாயம். தனி உரிமம் வாங்கிய பிறகே எடுக்க முடியும். நாள் பிடிக்கும். அங்கே கிடப்பவர் ஒருவருக்குத் தாயாகவோ பிள்ளையாகவோ இருந்தவர். வேலை நடக்கும் இடத்தில் அந்த மரியாதை ஒரு பேச்சிலும் குறையக் கூடாது.

எல்லோரும் மறக்கிற பள்ளங்கள்

வானம் முடிந்ததும் தொல்லியலாளரை அனுப்பிவிடுகிறார்கள். பிறகுதான் செப்டிக் டேங்க் குழி, கழிவுநீர்க் குழாய், குடிநீர் இணைப்பு, மின்கம்பிப் பள்ளம், மழைநீர் உறிஞ்சுகுழி, வண்டி வரும் பாதை, மதில். நிபந்தனை "மண் வேலை" என்றால் இவை அனைத்தும் அதில் அடக்கம். ஒரு மனையில் வீட்டின் அடியில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று மாதம் கழித்து விடுமுறை நாளில், யாருக்கும் சொல்லாமல், குழாய்ப் பள்ளம் போட்டார்கள். நான் போனபோது பள்ளத்தின் இரு பக்கச் சுவரிலும் ஒரு பெரிய அடுப்புக் குழியின் இரண்டு ஓரங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. நடுப்பகுதி குவியலில் கலந்துவிட்டது. சல்லடை போட்டுக் கொஞ்சம் ஓடுகளை மீட்டேன். இன்றும் அது மனதில் இருக்கிறது. முடிந்தால் குழாய்ப் பள்ளங்களையும் வானத்தோடு சேர்த்து ஒரே வாரத்தில் போட்டுவிடுங்கள். வருகைக் கூலியும் மிச்சமாகும்.

அறிக்கை

தொல்லியலாளர் மனையை விட்டுப் போனதோடு நிபந்தனை தீர்ந்துவிடாது. அவருடைய அறிக்கையை அதிகாரி ஏற்று, எழுத்தில் உறுதி தர வேண்டும். வீட்டை விற்கும்போதோ கடன் வாங்கும்போதோ அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்ற அறிக்கைக்கும் அதே மதிப்பு; அந்தப் பக்கம் குடியிருப்பு பரவவில்லை என்று அடுத்த ஆய்வாளருக்குத் தெரிகிறது.

கிடைத்த பொருள்கள் கழுவி, எண் எழுதி, பெட்டியில் அருங்காட்சியகத்துக்கோ காப்பகத்துக்கோ போகும். அறிக்கையின் ஒரு படியை நீங்களும் வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். எந்த இடத்தை எவ்வளவு ஆழம் தோண்டிப் பார்த்தோம் என்ற வரைபடம் அதில் இருக்கும். பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்தால், அடுத்த விண்ணப்பத்தோடு முதலில் இணைக்க வேண்டிய தாள் அதுதான்.